ஒன்றாம் உலை

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நெட்டை பட்டறை வாசலில் வந்து நின்றுவிட்டான். எட்டேகாலுக்கு முன்னால் அவன் வந்து யாரும் பார்த்ததில்லை. சாவியோடு வந்த மேஸ்திரி அவனை ஒரு தரம் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

"என்னடா, இன்னைக்கு மழை கொட்டப் போகுதா?"

"இல்லண்ணே. புது இடம். கொஞ்சம் முன்னாடி வந்து பழகிக்கலாம்னு."

மேஸ்திரி அதற்கு மேல் கேலி செய்யவில்லை. அந்த இடம் எப்படிக் காலியானது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பூட்டைத் திறந்துவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

படகுகளைப் பழுது பார்க்கும் துறைக்குப் பின்னால் நீளமாகத் தகரம் வேய்ந்த கொட்டகை அது. உள்ளே உலை இரண்டு. ரெண்டாம் உலை வாசலை ஒட்டி, நல்ல வெளிச்சத்தில். ஒன்றாம் உலை கடைசி மூலையில், சன்னல் இல்லாத சுவரோரம், பகல் பன்னிரண்டு மணிக்கும் கையை நீட்டினால் விரல் தெரியாத இருட்டில். வெளியாள் யாரும் வாசலோர உலைதான் நல்லது என்பான். இரும்பு அடிக்கிறவன் அப்படிச் சொல்ல மாட்டான். காய்ந்த இரும்பு நிறத்தால்தான் பேசும். சிவப்பா, ஆரஞ்சா, மஞ்சளா, வெண்ணெய் நிறமா என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இருட்டு உள்ளவன்தான் கொல்லன்.

அந்த இருட்டுக்காக நெட்டை பதினோரு வருஷம் ஏங்கியிருக்கிறான்.

ஒன்றாம் உலை இடக்கை, ரெண்டாம் உலை நெட்டை. துறை முழுக்க அதுதான் பேர். இடக்கை என்பவர் இடது கையால் சுத்தியல் பிடிக்கிற ஆள். அதிகம் பேச மாட்டார், யாரோடும் சண்டை இல்லை, உதவி கேட்டால் இல்லை என்று சொன்னதில்லை. இப்படிப்பட்ட ஒரு மனிதர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். திட்டக்கூடக் காரணம் கிடைக்காது. "ரெண்டாம் உலை" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால்கூட அன்றைக்கு நெட்டைக்குச் சாப்பிட்டது செரிக்காது.

இப்போது இடக்கை செத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மூலை அவனுடையது. நெட்டை தன் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நடந்தான். மீந்துபோன புகையும் ஈரக் கரியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

ஈரக் கரி. ஒரு மாதமாக யாரும் தொடாத உலையில்.

தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தான்.

நெருப்பு மூட்டத் தயாராக இருந்தது.

குழியின் நடுவில் கசக்கிய காகிதம். அதன் மேல் மெல்லியதாகச் சீவிய சுள்ளி. சுற்றிலும், முந்தின நெருப்பில் வெந்து மீந்த லேசான கரி. அதற்கு வெளியே, தண்ணீர் தெளித்துப் பிசைந்த பச்சைக் கரியை வளையமாகக் கட்டி, கையால் தட்டி இறுக்கியிருந்தது. உள்ளே நெருப்பு எரிய எரிய அந்த ஈர வளையம் மெல்ல வெந்து புகையெல்லாம் போய்ச் சுத்தமாகும், அதை உள்ளே தள்ளிக்கொண்டே வரலாம். எல்லாக் கொல்லனும் செய்கிற வேலைதான். ஆனால் இவ்வளவு வடிவாக, வளையல் போட்டது மாதிரிக் கட்டுகிற கை ஒன்றுதான் இருந்தது. கரண்டியின் பிடி இடது பக்கம் திரும்பியிருந்தது.

ஈரக் கரியில் ஒரு கைத்தடம். இடது கை. நடுவிரலில் மேல் கணு இல்லை.

இடக்கைக்கு அந்தக் கணு இல்லை. சிறு வயதில் சம்மட்டிக்குக் கொடுத்தது என்று சிரித்துக்கொண்டே காட்டுவார்.

குச்சி விரலைச் சுட்டது. நெட்டை அதை உதறிவிட்டு மேஸ்திரியின் அறைக்கு ஓடினான்.

"அண்ணே, மூலை உலையை யாரு கட்டி வெச்சது?"

"நான் இப்பதானே கதவையே திறந்தேன்? நீயும் கூடத்தானே நின்ன?"

"யாரோ..."

"காலையிலேயே ஆரம்பிக்காதடா. படகு தூக்குற சங்கிலி, நாற்பது கண்ணி, வெள்ளிக்கிழமை மதியம் சோதனை. அது நல்லா நின்னுச்சுன்னா மூலை உனக்கே. நிக்கலைன்னா வெளியில இருந்து ஆளைக் கூப்பிடுவேன், நீ பழையபடி வாசல்ல வெயில் காயலாம். போ."

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் துறையில் சங்கிலிச் சோதனைக்கு ஒரு முறை உண்டு. பாரத்தைத் தூக்கும்போது, சங்கிலியைச் செய்தவன் முதல் கண்ணியில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். கண்ணியின் முனைகளைச் சேர்த்துத் தான் போட்ட ஒட்டு மேல் நம்பிக்கை இருக்கிறவன் நிற்பான், இல்லாதவன் முன்பே சொல்லிவிடுவான். இடக்கை இருபத்திரண்டு வருஷம் அப்படி நின்றார். கடைசித் தடவை நின்றபோது பதினேழாவது கண்ணி வாய் பிளந்தது, அறுந்த சங்கிலி சுழன்று வந்து அவர் நெஞ்சில் அடித்தது.

"அவனுக்கும் ஒரு நாள் கை தப்பிடுச்சு பாரு" என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கை தப்பவில்லை. அது நெட்டைக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

அன்று இடக்கை தண்ணீர் குடிக்க வெளியே போனபோது, நெட்டை தன் சாமான் பெட்டியில் தொங்கிய சின்னப் பித்தளைப் பூட்டைக் கழற்றி ஒன்றாம் உலையின் கரிக்குள் போட்டான். பித்தளை உருகிய நெருப்பில் இரும்போடு இரும்பு ஒட்டாது. பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. இதைக் கொல்லர்கள் தவிர வேறு யாருக்கும் செய்யத் தோன்றாது. ஒரே ஒரு நாள், சங்கிலி வாங்க வந்தவர்கள் முன்னால் இடக்கை இரண்டு மூன்று கண்ணியை ஒட்ட முடியாமல் திணற வேண்டும், வியர்வை வழிய முகம் சுண்டி நிற்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சாகடிக்க நினைக்கவில்லை. ஆனால் இடக்கையின் கைத்திறன் அப்படி. ஒட்டாத நெருப்பில்கூட மேலுக்கு மாசு தெரியாமல் ஒட்டிவிட்டார். தானும் ஏமாந்தார்.

கண்ணி பிளந்த சத்தம் கேட்டபோது, மற்ற எல்லோரும் அலறுவதற்கு முன்னால், நெட்டைக்குள் கண் இமைக்கும் நேரம் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. 'உனக்கும் பிரிஞ்சுதா?' அந்த ஒரு நொடியைத்தான் ஒரு மாதமாக அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

திரும்பி மூலைக்கு வந்தான். கலைத்துப் போட்டுவிட்டுத் தானே கட்டலாம் என்று கையை நீட்டினான். நீட்டிய கை நின்றது. அவ்வளவு நல்ல நெருப்பு. தன்னால் கட்ட முடியாத நெருப்பு. பயத்தைவிட அந்த நினைப்புதான் முதலில் வந்தது.

காகிதத்தில் தீயை வைத்தான்.

காற்று ஊதும் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினான். நெட்டை மூட்டினால் கொட்டகையே அரை மணி நேரம் மஞ்சள் புகையில் இருமும். இது இரண்டே நிமிஷத்தில் பற்றி, நடுவில் ஒரு கைப்பிடி அளவுக்கு வெள்ளையாகத் திரண்டு நின்றது. இருட்டில் அந்த வெளிச்சம் அவன் முழங்கை வரைக்கும்தான் வந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

முதல் கண்ணியை வளைத்து, இரண்டு முனையையும் சீவி, மாசு படியாமலிருக்க வெண்காரம் தூவி, நெருப்பில் வைத்தான். ஒட்டுகிற சூடு, அதாவது அந்த வெண்ணெய் நிறம், ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். முன்னால் எடுத்தால் ஒட்டாது, பின்னால் எடுத்தால் இரும்பே எரிந்து பொறி பறக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடது காதுக்குப் பக்கத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"இப்ப."

கை தானாக இரும்பை இழுத்து அடைகல்லில் வைத்தது. மூன்று அடி. ஒட்டு விழுந்தது. கோடு தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தான். சுவர்.

அந்தச் சொல் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். பதினோரு வருஷம் அந்த மூலையிலிருந்து கேட்டிருக்கிறான். ஒட்டுகிற சூடு வந்ததும் இடக்கை தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒரு நாளும் அது தப்பியதில்லை.

ஓடியிருக்கலாம். நீங்களும் நானும் என்றால் ஓடியிருப்போம். நெட்டை ஓடவில்லை. கையிலிருந்த கண்ணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் வாழ்நாளில் செய்த மிக நல்ல ஒட்டு அது. அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. 'செத்த பிறகும் எனக்குச் சொல்லித் தர்றியா நீ?'

அன்று எட்டுக் கண்ணி முடித்தான். எட்டுத் தடவையும் அந்தக் குரல் வந்தது.

சாயங்காலம் நெருப்பைத் தணிக்கும்போதுதான் கவனித்தான். சுவாலையின் ஓரத்தில் மெல்லியதாகப் பச்சை ஓடியது. பித்தளை கலந்த நெருப்பின் நிறம்.

செவ்வாய்க்கிழமை காலையும் உலை கட்டியிருந்தது. கைத்தடத்தில் ஈரம் மின்னியது. நெட்டை தீ வைத்தான். மதியம் நெருப்பு மந்தமாகியது. குழியின் அடியில் கிட்டம் சேர்ந்தால் அப்படி ஆகும். கரியில் இருக்கிற மண்ணும் கல்லும் உருகி, கண்ணாடிப் பாளம் மாதிரி காற்றுத் துளையை அடைத்துக்கொள்ளும். கொக்கியை விட்டு அதை வெளியே இழுத்துப் போட்டு உடைத்தான். உள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு பித்தளைத் துளி.

அதைக் கொட்டகைக்குப் பின்னால் சாக்கடையில் வீசினான். மேஸ்திரி வந்து நின்றார். பதினாறு கண்ணியையும் தரையில் நீட்டிப் போட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"அடேயப்பா!" என்றார். நெட்டைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அப்படியே இடக்கை கை."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கியது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி அவன் சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் குட்டிச் சாவி எதுக்கு இன்னும்? பூட்டுதான் தொலைஞ்சு போச்சுன்னீங்களே."

"இருக்கட்டும் விடு."

"என் தம்பி ஆசையா வாங்கித் தந்தது. ஆணியால உங்க முதல் எழுத்தெல்லாம் கீறிக் கொடுத்தான். அதைப் போய்த் தொலைச்சுட்டு வந்து நிக்கிறீங்க." குழம்பை ஊற்றியவள் மூக்கைச் சுளித்தாள். "என்னங்க இது, சட்டையெல்லாம் பித்தளை வாடை? ஆமா, மூலை உலை எப்படி இருக்கு? அந்த அண்ணன் புகையே இல்லாம மூட்டுவாராமே, தம்பி சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவான்."

"இந்த வீட்டுல வேற பேச்சே கிடையாதா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

புதன்கிழமை அவன் ஒரு முடிவோடு போனான். கட்டியிருந்த உலையைக் கரண்டியால் வாரி வாரி வெளியே கொட்டினான். குழியை இரும்பு தெரியும் வரை சுரண்டினான். புது மூட்டையை அவிழ்த்துப் புதுக் கரியைப் போட்டு, தன் கையால், தன் வழக்கப்படி, கரண்டிப் பிடியை வலது பக்கம் வைத்து மூட்டினான். இடக்கையும் வேண்டாம், அவன் மீந்த கரியும் வேண்டாம்.

கொட்டகை மஞ்சளாகப் புகைந்தது. மேஸ்திரி இருமிக்கொண்டே வெளியே ஓடினார். ஒரு மணி நேரம் கழித்துப் பற்றிய நெருப்பு நடுவில் குழிந்து, காற்றை மட்டும் துப்பியது. மூன்று கண்ணி போட்டான். ஒன்று பொறிந்து எரிந்தது, இரண்டு ஒட்டவே இல்லை. காதுக்குப் பக்கத்தில் எந்தக் குரலும் இல்லை. குரல் இல்லாததும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

மதியம் கொட்டகையில் யாரும் இல்லாத நேரம் மூலையிலிருந்து சத்தம் வந்தது.

டிங். டிங்.

இடக்கை வேலை தொடங்கும் முன்னால் வெறும் அடைகல்லை இரண்டு தட்டுத் தட்டுவார்.

நெட்டை சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்து போனான். கைச்சக்கரம் மெதுவாகச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது. அவன் மூட்டிய நெருப்பு அள்ளப்பட்டு ஓரமாகக் கிடந்தது. குழியில் புதிதாக, ஈரமாக, வளையல் மாதிரி, ஒரு நெருப்பு கட்டியிருந்தது. கைத்தடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெட்கமில்லாமல் தீக்குச்சியை உரசினான்.

அன்று கிட்டத்தை உடைத்தபோது உள்ளே இருந்தது துளி இல்லை. கட்டை விரல் அளவுக் கட்டி. ஒரு பக்கம் தட்டையாக, மேலே வளைந்த ஒரு துண்டு முளைத்திருந்தது. சாக்கடையில் வீசினான்.

வியாழக்கிழமை வந்தது இன்னும் பெரியது. வளையம் முழுசாக இருந்தது. தட்டையான பக்கத்தில் மங்கலாகச் சாவித் துளை.

அது உருகிப்போன பூட்டு. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் மேஸ்திரியின் அறை வாசலில் நெட்டை வெகுநேரம் நின்றான். முப்பத்திரண்டு கண்ணி ஆகிவிட்டது. முப்பத்திரண்டும் பார்க்க அழகு. அந்தப் பதினேழாவது கண்ணியும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாளைக்கு முதல் கண்ணியில் கை வைத்து நிற்கப் போவது அவன். பாரத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கீழே நிற்கப் போவது, பூட்டை வாங்கித் தந்த அவன் மச்சினன்.

"என்னடா?" என்றார் மேஸ்திரி.

'நெருப்பில் பித்தளை இருக்கிறது அண்ணே, சங்கிலியை நம்ப முடியாது.' நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சொன்னால், எப்படி வந்தது என்று கேட்பார். அதைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால் மூலை போய்விடும். நாளை மறுபடி வாசலில், வெயிலில், ரெண்டாம் உலையில்.

"ஒண்ணுமில்லண்ணே. நாளைக்கு இடக்கையண்ணன் வீட்டுல சொல்லி அனுப்புனீங்களான்னு கேக்க வந்தேன்."

"அவன் வீட்டுக்காரியே வர்றேன்னு சொல்லியிருக்கா. அவன் உலையில செஞ்ச சங்கிலியைப் பார்க்கணுமாம்."

அவன் உலை. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசி எட்டுக் கண்ணியும் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் "இப்ப" வந்தது. அன்று கிட்டத்தில் பித்தளை இல்லை. சல்லிசல்லியாக உடைத்து, விரலால் தேடிப் பார்த்தான். இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான். கடைசிக் கண்ணியில் தன் முத்திரையைக் குத்த வேண்டியதுதான் பாக்கி. முத்திரை சாமான் பெட்டியில் இருந்தது. குனிந்தான்.

பெட்டி பூட்டியிருந்தது.

பித்தளைப் பூட்டு. புதிதாகப் பளபளத்தது. ஓரத்தில் ஆணியால் கீறிய அவன் முதல் எழுத்து.

தொட்டான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. சாவிக்கொத்தை எடுத்தான். குட்டிச் சாவி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பியது. பூட்டு திறந்தது.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முத்திரையைக் குத்தினான்.

மதியம் துறையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். நல்ல வெயில். பாரந்தூக்கியில் சங்கிலி தொங்கியது. இடக்கையின் மனைவி ஒதுங்கி, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெட்டை அவள் பக்கம் பார்க்காமல், "வாங்க அண்ணி" என்றான்.

மச்சினன் பாரத்தை மாட்டினான். "மாமா, கையை வைங்க."

நெட்டை முதல் கண்ணியில் கை வைத்தான். சட்டைப் பையில் பூட்டு இன்னும் ஆறவில்லை. இயந்திரம் உறுமியது. சங்கிலி விறைத்தது. கண்ணிகள் ஒன்றையொன்று இறுக்கி முனகின. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. பாரம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது. ஒரு முழம். ஆள் உயரம். பதினேழாவது கண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு என்று மேஸ்திரி எண்ணிக்கொண்டே போனார். முந்நூறு வரை எண்ண வேண்டும்.

முந்நூறு.

பாரம் இறங்கியது. ஒரு கண்ணிகூட முடி அளவு விரியவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். உயிர் தப்பியது, மூலை கிடைத்தது. பதினோரு வருஷத்து ஏக்கம் தீர்ந்த நேரம் அது. வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தால் போதும்.

மேஸ்திரி சங்கிலியைத் தடவினார். கண் கலங்கியிருந்தது. "கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டா, இடக்கை செஞ்சதுன்னுதான்டா சொல்வேன். அவன் உலையே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு."

"ஆமா மாமா," என்றான் மச்சினன். "அந்தக் கடைசி நாள் மட்டும் அவருக்குக் கை தப்பாம இருந்திருந்தா, இன்னைக்கு இந்தச் சங்கிலியை அவரே..."

"அவருக்குக் கை தப்பாதுங்க" என்றாள் இடக்கையின் மனைவி. சத்தம் போடாமல்தான் சொன்னாள். "எனக்குத் தெரியும்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். ஒருவர் அடித்த சங்கிலியைச் சுற்றி நின்றுகொண்டு இன்னொருவரை நினைத்து அழுதார்கள். நெட்டை என்று ஒருவன் அங்கே நிற்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. அவன் வயிறு எரிந்தது. நெஞ்சு எரிந்தது. சட்டைப் பை எரிந்தது. உடம்பு முழுக்க வெண்ணெய் நிறத்துக்குக் காய்ந்துவிட்டது போல இருந்தது.

இடது காதுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், மெதுவாக.

"இப்ப."

"என்ன பெரிய இடக்கை?" நெட்டை கத்தினான். "பித்தளை கிடந்த உலையில அவன் ஒட்டினான், பிரிஞ்சுது! அஞ்சு நாளா அதே பித்தளை கிடந்த உலையில நான் ஒட்டினேன், பிரிஞ்சுதா? நாற்பது கண்ணி! ஒண்ணாவது பிரிஞ்சுதா? இப்ப சொல்லுங்க, யாரு கொல்லன்?"



மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். "அவன் உலையில பித்தளை கிடந்துச்சுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையின் துணி கருகிப் பொத்துக்கொண்டு, பூட்டு கீழே விழுந்தது. மச்சினன் குனிந்து எடுத்தான். அவன் கையை அது சுடவில்லை. கீறியிருந்த எழுத்தைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

"தொலைஞ்சு போச்சுன்னு அக்கா சொன்னாளே. எங்க இருந்துச்சு?"

இடக்கையின் மனைவி கம்பத்தை விட்டுவிட்டு அவனை நோக்கி நடந்து வந்தாள். அடிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். நெட்டை எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர் குடிக்க அவர் வெளியே போன நேரத்திலிருந்து, கண்ணி பிளந்தபோது வந்த அந்த ஒரு நொடிச் சந்தோஷம் வரை.

போலீஸ் வரும்வரை அவனை மேஸ்திரியின் அறையில் உட்கார வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். மச்சினன் கதவுக்கு வெளியே அழுதுகொண்டிருந்தான். மற்றவர்கள் எல்லோரும் துறையில் நின்றார்கள். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. அறையின் கண்ணாடிச் சன்னல் வழியாகக் கடைசி மூலை நேராகத் தெரியும்.

டிங். டிங்.

நெட்டை தலையை நிமிர்த்தினான்.

இருட்டுக்குள் கைச்சக்கரம் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. புகையே இல்லை. குழியின் நடுவில் ஒரு கைப்பிடி நெருப்பு வெள்ளையாகத் திரண்டு எழுந்தது. அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்து, சுவாலையின் ஓரத்தைத் தேடித் தேடிப் பார்த்தான்.

பச்சை இல்லை. துளிக்கூட இல்லை.

அவ்வளவு சுத்தமான நெருப்பை அவன் பிறந்ததிலிருந்து மூட்டியதில்லை, இனி மூட்டப் போவதும் இல்லை. அந்த நிலைமையிலும் அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கண்ணாடியைவிட்டு முகத்தை எடுக்காமல், அந்த ஒரு சொல் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

கண்ணாடியின் மறுபக்கத்தில், அவன் நெற்றிக்கு நேராக, ஈரக் கரி அப்பிய ஒரு கைத்தடம் மெல்லப் பதிந்தது. நடுவிரலில் மேல் கணு இல்லை.